இடக்கைக் குதிரைகள்

என் அண்ணனை யாராவது "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் எனக்கு உள்ளுக்குள் எரியும். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். ராஜா, ராணி, மந்திரி, யானை எல்லாம் அவர் லேத்தில் கடைந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் வீட்டு ஹாலில் அழகுக்கு வைக்கிற சதுரங்கத்தில் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது குதிரையைத்தான். அதை உளியால்தான் செதுக்க வேண்டும். எங்கள் பட்டறைக்குப் பேர் வாங்கித் தந்த குதிரைகளைச் செதுக்கியது அண்ணன் அல்ல, அண்ணி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு மாதம் உளி பிடிக்க முடியவில்லை. ஏழு ஆர்டர் காத்திருந்தது. கடைந்த காய்கள் கைவசம் இருந்தன, குதிரைகள்தான் இல்லை. அதுவரை காய்களுக்கு அடியில் பச்சை வெல்வெட் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணி, ஒருநாள் இடது கையில் உளியை எடுத்தார். அவர் இடக்கைக்காரி. முதல் நான்கு குதிரைகள் கழுதையாக வந்தன. அதைச் சொல்லிச் சிரித்தவரும் அவரேதான். பத்தாவது குதிரைக்கு உயிர் இருந்தது.

கை சரியானதும் அண்ணன், "போதும்மா, கையைக் கிழிச்சுக்கப் போற" என்று உளியை வாங்கிக்கொண்டார். அண்ணி மறுபடி வெல்வெட்டுக்குப் போனார். "அற்புதமான கை மாஸ்டர்" என்று வந்தவர்கள் பாராட்டியபோது அண்ணன் மறுக்கவில்லை. பக்கத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் டாக்டரம்மா மூச்சிரைக்க வந்தார். அந்த ஏழு செட்டில் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. கறுப்புக் குதிரை ஒன்றை அவர்கள் வீட்டு நாய் கடித்துக் குதறிவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேருந்து அம்மா அஞ்சு மணிக்கு வராங்க. அப்பா கடைசியா வாங்கிக் குடுத்த செட் மாஸ்டர் அது. உள்ள நுழைஞ்சதும் அதைத்தான் பாப்பாங்க. இருக்கிற உடம்புக்கு அவங்க அழக்கூடாது."

மாதிரிக்கு மிச்சமிருந்த கறுப்புக் குதிரையை மேசைமேல் வைத்தார். அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"என் குதிரைதானே டாக்டர்? தூக்கத்துல எழுப்பினாலும் செதுக்குவேன். நாலு மணிக்கு வாங்க."

கருங்காலியில் மூன்றே கட்டைதான் இருந்தது. மூன்றுக்கும் அடிப்பாகத்தைக் கடைந்துவிட்டுத் தலைக்கு உளி எடுத்தார். பன்னிரண்டு மணிக்கு முதல் குதிரை முடிந்தது. மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் முன்பின் தெரியாதவர்கள் போல நின்றன. பிடரியின் வெட்டுகள் ஒன்றில் இந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொன்றில் அந்தப் பக்கம் சாய்ந்தன. இரண்டாவதில் கையை மாற்றி வளைத்து வெட்டப் பார்த்தார். காது தெறித்துச் சுவரில் போய் விழுந்தது. மணி ஒன்றரை.

"இது ஏன் இப்படி விழுந்திருக்கு?" என்று மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கை வெட்டு அப்படித்தான் விழும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அது யார் செதுக்கியது என்பதையே மனிதர் மறந்துபோயிருந்தார். பன்னிரண்டு வருஷம் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்தினால் அப்படித்தான் ஆகும்போல.

மூன்றாவது கட்டையை வைஸ் இடுக்கியில் இறுக்கினார். உளியை இரண்டு முறை கட்டையருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்தார். இது போனால் வேறு கட்டை கிடையாது. பின்னால் அண்ணி வெல்வெட் வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"இங்க வா" என்றார் அண்ணன், திரும்பாமலே.

"என்னங்க?"

"இதைக் கொஞ்சம் பாரு."

"பாக்கணுமா, செதுக்கணுமா?"

அண்ணன் உளியை நீட்டினார். "செதுக்கு."

அண்ணி தன் கைக்கு வசதியாகக் கட்டையைத் திருப்பி இறுக்கினார். பன்னிரண்டு வருஷம் உளி தொடாத கை. முதல் வெட்டே வழுக்கியது. ஒரு மயிரிழையில் குதிரையின் மூக்கு தப்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு வழுக்கவில்லை. காதைக் கடைசிக்கு வைத்திருந்தார். "தம்பி, ஃபேனை நிறுத்துங்க" என்றார். மூன்று இருபதுக்குக் காது முழுசாக நின்றது. நான் உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து, துணியால் துடைத்து மேசையில் வைக்கவும் டாக்டரம்மா வரவும் சரியாக இருந்தது.

இரண்டு குதிரைகளையும் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு எது புதிது என்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அதே கை மாஸ்டர்! கொஞ்சங்கூட மாறல."

நான் அண்ணனைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். அண்ணியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் இடது மணிக்கட்டெல்லாம் கறுப்புத் தூள்.

"சந்தோஷம் டாக்டர்" என்றார் அண்ணன்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "செதுக்கினது அண்ணி" என்றேன். "இது மட்டும் இல்ல, பழசும். உங்க செட்ல இருக்கிற குதிரை எல்லாமே."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. அவர் கிளம்பிப் போனதும் அண்ணி என் பக்கம் திரும்பினார். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் நான் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

"பன்னெண்டு வருஷமா உங்களுக்கும் தெரியும்தானே தம்பி?"