இருபது காசும் கன்னியப்பனும்

போன மாதம் என் மருமகள் செம்பில் செய்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். உடம்புக்கு நல்லதாம். மூடியைத் திருகிய விரல்களை எதற்கோ மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ரத்தம் போலவும் இருக்கும், நனைந்த இரும்புக் கேட்டைப் பிடித்த கை போலவும் இருக்கும். தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். "ஏன் மாமா, பிடிக்கலையா?" என்றாள். வயிறு நிறைந்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அறுபதுகளின் கடைசியில் அந்த வாடை என் விரல்களை விட்டுப் போனதே இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. சிகரெட், சீட்டாட்டம் எதுவும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துச் செம்புக் காசு சேர்ப்பது ஒன்றுதான் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு குமணன்சாவடிக்குப் போவேன். அங்கே பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கும் கடை ஒன்று இருந்தது. நயா பைசா வந்தபின் செல்லாமல் போன காலணாக்களையும் ஜனங்கள் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். உடைந்த குத்துவிளக்குக்கும் ஈயம் போன தவலைக்கும் நடுவில் விக்டோரியா ராணி முகம் தெரியும். கடைக்காரருக்கு என் மேல் நம்பிக்கையே கிடையாது. "உருக்கறதுக்கும் வாங்கல, விக்கறதுக்கும் வாங்கல. பின்ன இன்னாத்துக்கு? நீ யார் ஆளு, அத்த சொல்லு" என்பார். நான் போலீஸ்காரன் என்று ஒரு மாதமும், புதையல் கோஷ்டி என்று ஒரு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அறை கொடுத்த வீட்டுக்கார அம்மாவும் அப்படித்தான். உள்ளே காசு குலுங்கும் சத்தம் கேட்டு, நான் கள்ளக் காசு அடிக்கிறேன் என்று முடிவு கட்டி, வாடகைக்குக் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சந்தேகத்தில் நான் அவர்கள் எல்லோரையும் விடப் பெரியவன். எந்தக் காசு கையில் வந்தாலும் முதலில் போலி என்றுதான் நினைப்பேன். மணலில் அச்செடுத்து வார்த்த போலிக்கு முகத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கும், எழுத்து வீங்கியிருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்கப் பெருமையாகத் திரிவேன்.

உலோகம் உருக்கி வார்க்கும் எங்கள் ஃபவுண்டரியில் மண் அச்சு எடுப்பவன் கன்னியப்பன். பருத்திப்பட்டுக்காரன். அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் அவன்தான். சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லும் காசுக் கதைகளைப் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள். ஒருநாள் கைக்குட்டையில் முடிந்து எதையோ கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"எங்கம்மா ஏரிக்கரை கழனில நாத்து நடும்போது கால்ல தட்டுப்பட்டுச்சாம். குங்கும டப்பால போட்டு வெச்சிருந்துச்சு. உனக்குத்தான் அண்ணாத்தே, வெச்சிக்கோ."

பிரித்துப் பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட இருபது காசு நாணயம். ஒரு பக்கம் கேடயத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு சிங்கம், மறுபக்கம் பாரசீக எழுத்து. நல்ல சாக்லேட் நிறம். சிங்கத்தின் பிடரி மயிர் கூடத் தெரிந்தது. தேய்ந்துபோனவை நிறையக் கிடைக்கும், இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. அவன் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான்.

பத்து நாள் கழித்துத் தயங்கித் தயங்கி வந்தான். "அம்மா அந்தக் காசைத் தேடிகினே கீது. சொல்லாம எட்தாந்துட்டேன். ஒரு நாள் குடு, காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்." மனசில்லாமல் கொடுத்தேன். மறுநாளே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். "உன்னாண்டயே இருக்கட்டும்னு சொல்லிச்சு" என்றான்.

அந்த வாரம்தான் காசுகளை நன்றாகப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரை சாதா வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாக மடித்துத் தகர டப்பாவில் போட்டிருந்தேன். ஸ்டோரில் வழவழவென்று கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் மிச்சம் கிடந்தது. ரம்பத் தகட்டைச் சூடாக்கி ஓரங்களை ஒட்டினால் அழகழகாகப் பைகள் வந்தன. பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு எனக்கு. இருபது காசையும் சேர்த்து நல்ல காசுகளாகப் பன்னிரண்டை எடுத்து அதில் அடைத்தேன். இருபது காசைத் துணியிலிருந்து பிரித்து அப்படியே உள்ளே தள்ளி ஒட்டினேன். சரியாகக் கூடப் பார்க்கவில்லை. எல்லாம் டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போயின.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் ஆசையாக எடுத்துப் பார்த்தால், இருபது காசின் பையெல்லாம் பிசுபிசுவென்று பச்சை. கிழித்துத் துடைத்தேன். அடியில் இருந்தது என் காசே இல்லை. முகம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி, வீங்கிய எழுத்து, பிடரியே இல்லாத சிங்கம். பெட்டியை அப்படியே மூடிவிட்டு உட்கார்ந்தேன். கூட இருந்த மற்ற காசுகளை எடுத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. கணக்கு உடனே கூடிவிட்டது. அவன் வேலையே மண் அச்சு. காசு அவன் கையில் ஒரு ராத்திரி இருந்திருக்கிறது. அம்மா கேட்டிருக்கிறாள். பின்னே என்ன?

அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினேன். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசித்தேன். கடைசியில் ஒருநாள் கேன்டீனில், அவன் இல்லாத நேரம், ஏழெட்டுப் பேர் நடுவில், "நம்ம ஃபவுண்டரியில ஒருத்தன் நினைச்சா, யாருக்கும் தெரியாம செம்புல காசு வார்க்க முடியுமா?" என்றேன். பேர் சொல்லவில்லை. என் பக்கத்தில் தினமும் யார் உட்காருவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயம் தொழிற்சாலையில் செம்புத் துண்டுகள் குறைகின்றன என்று வேறு பேச்சு இருந்தது. என் வாய்ச்சொல் எந்த வழியாகவோ வாசல் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வாட்ச்மேன் தினமும் கன்னியப்பனை மட்டும் நிறுத்தி டிபன் கேரியரைத் திறக்கச் சொன்னான். ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் மொத்தமும் வரிசையில் நிற்க, சட்டையைக் கழற்றச் சொன்னான். நானும் அந்த வரிசையில் நின்றேன். கன்னியப்பன் கழற்றி உதறிக் காட்டினான். திரும்ப மாட்டிக்கொள்ளும்போது என்னை ஒரு தடவை பார்த்தான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் முலாம் பூசும் பிரிவில் இருந்த ஒருவரிடம் அந்தக் காசைக் காட்டி, போலிதானே என்று கேட்டேன். ஆமாம் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. அவர் காசைப் பார்க்கவில்லை, கூடவே கொண்டுபோன பையைத்தான் முகர்ந்தார். "இதுலயா வெச்ச? இந்தத் தாளை மெத்துனு ஆக்கறதுக்குச் சேர்க்கறது நாளாக நாளாகக் கசியும்பா. செம்பு தாங்காது. இதுல போட்ட எல்லாமே போயிருக்குமே, பாக்கலையா?"

அறைக்கு ஓடி மற்றப் பைகளைக் கிழித்தேன். பதினொன்றும் பச்சை. துடைத்தால் அதே புள்ளி, அதே வீங்கிய எழுத்து. என் அறையை விட்டு ஒருநாளும் வெளியே போகாத காசுகள் அவை. தகர டப்பாவில் தாளில் கிடந்த மட்டமான காசுகள் மட்டும் போட்டது போட்டபடி இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை காசை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன். கன்னியப்பன் வாசலில் கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தான். பூந்தமல்லிப் பக்கம் கட்டட வேலைக்குப் போவதாகச் சொன்னான். நடந்ததையெல்லாம் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். கீற்றிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான்.

"சந்தேகம் வந்தா என்னாண்ட கேட்டிருக்கலாம் இல்ல? கேன்டீன்ல போய்க் கேட்ட."

முதலாளியிடம் பேசுகிறேன், வாட்ச்மேனிடம் சொல்கிறேன் என்று ஏதேதோ உளறினேன். அவன் "வேணாம்" என்று மட்டும் சொன்னான். அதற்குள் அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லியான கறுத்த பெண்மணி, காலெல்லாம் கழனிச் சேறு. காசை அவளிடமே நீட்டினேன். "உங்களுது. நீங்களே வெச்சிக்கங்கம்மா."

அவள் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குமணன்சாவடிக் கடைக்காரர் பார்வையும் வீட்டுக்கார அம்மா பார்வையும் எனக்குப் பழக்கம்தான். இது வேறு.

"எங்க காசுல சிங்கம் இருந்துச்சு. புசுபுசுன்னு பிடரி இருந்துச்சு. இது எங்க காசு இல்லப்பா. அத்த நீ எங்க வெச்சிகினு கீறே?"

கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தேன். நடந்தது முழுவதும் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றேன். அவன் குனிந்து அடுத்த கீற்றை எடுத்தான்.

அவள் காசை என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காசைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, பச்சையை எடுத்து, தாளில் மடித்து இன்றுவரை வைத்திருக்கிறேன். அதன் பிறகு ஒரு காசும் சேர்க்கவில்லை. வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னேன். "சரி சார்" என்றான். கன்னியப்பன் இடத்துக்கு வந்த புது ஆளின் டிபன் கேரியரையும் அவன் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்தத் தொழிற்சாலையை இடித்துப் பல வருஷம் ஆகிறது. ஃபவுண்டரி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஏரிக்கரைக் கழனிகளில் மாடி வீடுகள் வந்துவிட்டன. கன்னியப்பன் வீடு இருந்த தெருவைப் போன வருஷம் தேடிப் பார்த்தேன். எந்தத் தெரு என்றே தெரியவில்லை. அங்கிருந்த கடையில் அவன் பேரைச் சொல்லி விசாரித்தேன். கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.