சுற்றுக்கு ஒரு சூடு

எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருந்த மூன்று மாதமும் நான்தான் தபால்காரி. அப்பாவும் மாமாவும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பா என்னைப் பார்த்து, "உன் மாமனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் கேட்டு, அவர் "போதும்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லி, அதை நான் அப்பாவிடம் சேர்த்தால்தான் ரசக் கிண்ணம் நகரும். எனக்கு அப்போது எட்டு வயது. இப்படியொரு பதவி வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை என்பதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி; அவருக்கு அப்பா மாமா. அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்ததே அப்பாதான். தெரிந்தவர் ஒருவரிடம் நாலு நடை நடந்து, பையனுக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை வாங்கித் தந்திருந்தார். இரண்டாவது வருஷத்தின் நடுவில் ஒருநாள் போளூரிலிருந்து ஆட்டோ பிடித்து மாமா வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டியும் நீளமான ஒரு துணிப்பையும் இருந்தன. ஏன் வந்தாய் என்று எல்லோரும் கேட்டதற்கு "ஒத்துவரல" என்றார், அவ்வளவுதான். வாக்குக் கொடுத்த மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று அப்பா ஒரே ஒரு தடவை கத்தினார். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

இரண்டு பக்கமும் இடிபட்டவள் அம்மா. "தீபாவளி வரைக்கும் பாக்கறேன்கா. அதுக்குள்ள மாமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசலன்னா நான் வேல தேடி ஓசூர் பக்கம் போய்ட்றேன்" என்று மாமா அவளிடம் சொன்னது அடுப்படியில் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. மாமா போகக் கூடாது. அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் காரணமில்லாமல் சிரிப்பதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தார்.

அந்தத் துணிப்பையில் இருந்தது தூண்டில். நாங்கள் அறிந்த மூங்கில் கழி, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு வகை இல்லை. வளைந்து கொடுக்கும் கறுப்பு ராடு, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள், கைப்பிடியோடு கூடிய ரீல், ரீலில் சுற்றிய பச்சை நூல். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் போட்டுத்தான் பாஸ் பிடிப்பார்களாம். பாஸ் என்றால் முதலாளி என்று நான் நினைத்தேன். முதலாளிகளைத் தூண்டில் போட்டு இழுத்தால் வேலையை விட்டு அனுப்பாமல் என்ன செய்வார்கள் என்று வகுப்புத் தோழியிடம் நியாயம் பேசினேன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஒரு மீன் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஏரியில் பாஸுக்கு எங்கே போவது? ஆனால் விரால் இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடை வந்து நிறைகிற ஏரி அது. கரையோரம் முழுக்கத் தாமரை, அதன் தண்டுகளுக்கு அடியில் விரால். அப்பாவுக்கு விரால் குழம்பு என்றால் உயிர். தன் கையால் ஒரு விராலைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டுவிட்டால் அப்பா வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? மாமாவின் கணக்கு இதுதான். அம்மாவுக்கும் இது சரியாகப் பட்டது. புரட்டாசி முடியட்டும் என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசி முடியும் முன்பே ஆயுத பூஜை வந்தது. அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கலசப்பாக்கம் வரை எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் எங்கள் வீட்டு முன்னறைக்குத்தான் வரும். அன்று காயில் சுற்றும் மெஷின், கட்டிங் பிளேயர், சுத்தியல், ஸ்பேனர்கள், டிவிஎஸ் வண்டி எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையில் நின்றன. நான் உள்ளே ஓடி மாமாவின் தூண்டிலைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் சாத்தினேன். அப்பா அதைப் பார்த்தார். "வேலைக்கு ஒதவுற சாமானுக்குத்தான் பூஜை. அத்த எடுத்து உள்ள வை" என்றார். தூண்டிலைப் பற்றி மட்டும் சொன்ன பேச்சாக அது எனக்கே தோன்றவில்லை. மாமா வந்து எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குத் தாங்கவில்லை. ஸ்பேனருக்குக்கூட குங்குமம் உண்டு, மாமாவின் தூண்டிலுக்கு இல்லையா? மத்தியானம் எல்லோரும் அசந்து கிடந்தபோது உள்ளறையில் தனியாக ஒரு பூஜை போட்டேன். ரீலின் கைப்பிடிக்குக் குங்குமம், எதிரே ஒரு பிடி பொரி, தட்டில் முழுசாக ஒரு கட்டிக் கற்பூரம். மூன்று சுற்றுச் சுற்றி, சாமிக்குக் காட்டுவதுபோல் ரீலுக்கு நேராகக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்திக் காட்டினேன். 'சுர்'ரென்று ஒரு சத்தம் வந்தது. பிளாஸ்டிக் பை எரிவதுபோல ஒரு வாசனை. நூலின் ஒரு பக்கம் பளபளவென்று மின்னியது. சாமி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஐப்பசி முதல் ஞாயிறு காலையில் மாமாவும் நானும் ஏரிக்குப் போனோம். மாமா ரப்பர் தவளை ஒன்றை நூல் நுனியில் கட்டி, ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். 'டப்' என்றது. தவளை மட்டும் தனியாகப் பறந்துபோய்த் தாமரை இலைகளுக்கு நடுவில் விழுந்தது. நூல் எங்கள் காலடியில் கிடந்தது. இரண்டாவது தவளையும் அதே வழியில் போனது. மூன்றாவதைக் கட்டும்போது மாமா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

வீட்டுக்கு வந்து நூலை விரித்துப்போட்டு உட்கார்ந்தார். அது நரம்புபோல ஒற்றை இழை இல்லை. மயிரிழை போன்ற இழைகளைச் சடை பின்னுவதுபோல் பின்னிய நூல். இழுத்தால் கை அறுபடும், நூல் அறாது. ஆனால் வழுக்கும், நரம்புக்குப் போடும் முடிச்சைப் போட்டால் நழுவிவிடும். நூலை இரண்டாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெல்ல இறுக்க வேண்டும். அப்படியெல்லாம் முடிச்சுப் போட்டு, வாசலில் இருந்த தூணில் கட்டி இழுத்துப் பார்த்தார். முடிச்சு அப்படியே நின்றது. நூல் அதற்கு மேலே வேறொரு இடத்தில் 'டப்' என்றது.

முன்னறையில் காயில் சுற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இந்த 'டப்' சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பழுதான எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜென்மம் அவர். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எங்க அறுதுன்னு உன் மாமனக் கேளு" என்றார். கேட்டேன். "முடிச்சாண்ட இல்லியாம், அதுக்கு மேலயாம்" என்று வந்து சொன்னேன். எம்மாந் தொலைவு மேலே என்று கேட்டார். போய் வந்து ஒரு ஜாணுக்குக் கம்மி என்றேன். எல்லாத் தடவையும் அதே தொலைவா, அறுந்த நுனி பிசிறாக இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா, ரீலில் நூல் கெட்டியாகச் சுற்றியிருக்கிறதா? நான் பாதியை வழியிலேயே தொலைத்துவிட்டு, பிசிறு கெட்டியாக இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வாசலுக்கே வந்தார். "இன்னாடா நூலு இது, இங்க குடு அத்த" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் மாமாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாமா இரண்டு கையாலும் ரீலை நீட்டினார். உள்ளே அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கோ பதவி பறிபோன வருத்தம்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலைக் கொஞ்சம் உருவினார். விரல்களுக்கு நடுவில் ஓட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். காயில் கட்டுகிறவர்கள் எதையும் முதலில் மோந்துதான் பார்ப்பார்கள், எரிந்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மாமாவை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ரீலை மடியில் வைத்துக்கொண்டு, "சுத்து தளர்ந்திருக்குது. இழுக்கறப்ப மேல் நூலு கீழ் நூலுக்குள்ள எறங்கிக் கடிக்குது. மொத்தத்தையும் அவுத்துத் திரும்பச் சுத்தணும். நாளைக்கு ஒக்காருவோம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்தார்கள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தார்கள். நூல் வழுக்காமலிருக்க அடியில் நாலு சுற்றுத் தங்கூஸ் நரம்பு சுற்றினார்கள். மெஷினில் அப்பா கைப்பிடியைச் சுற்ற, ஈரத் துணிக்குள் நூலைப் பிடித்து மாமா இறுக்கம் கொடுத்தார். இன்னொரு நாள், ராடின் வளையங்களில் கீறல் இருந்தால் அதுவே கத்திபோல் அறுக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைவிட்டு இழுத்துப் பார்த்தார் அப்பா. பஞ்சு எங்கேயும் சிக்கவில்லை. நூல் ஓட விடாமல் ரீலின் பிரேக்கை அதிகமாக இறுக்கி வைத்திருக்கிறாய் என்றார். இந்த நூல் நரம்புபோல நீண்டு கொடுக்காது, முன்னால் ஒரு முழம் நரம்பு சேர்க்கலாமா என்று மாமா கேட்டார். கடைசியில், வெட்டவெளித் தண்ணீரில் ஓடும் பாஸுக்கு உண்டான மெல்லிய சரக்கு இது, தாமரைத் தண்டுக்குள் சுருண்டு கிடக்கும் விராலை வெளியே இழுக்க விறைப்பான ராடும் தடித்த நூலும் வேண்டும் என்று இருவரும் முடிவுகட்டி, ஒரே வண்டியில் வேலூர்வரை போய் விசாரித்து வந்தார்கள். ஆனால் பழைய நூலையும் விடவில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் தூணில் கட்டி இழுப்பார்கள். 'டப்' என்னும். "வேற எதுவோ இருக்குது" என்பார் அப்பா. "ஆமாங்க மாமா" என்பார் மாமா.

எது என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஒருநாள் நூலை மேசைமேல் நீளமாகப் போட்டிருந்தார்கள். ஒரு ஜாணுக்குக் கம்மியாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடத்தில், ஒரே மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சாமி ஏற்றுக்கொண்ட அடையாளம்! ரீலில் சுற்றியிருந்தபோது ஒரு பக்கமாகப் பட்ட சூடு, உருவினால் சுற்றுக்கு ஒன்றாக வரிசையில் நிற்கிறது. மூன்று தவளைகள், பத்து நாள் உழைப்பு, எல்லாம் என்னால்தான்.

மறுநாள் மாமா தண்ணீர் இறைக்கும்போது பக்கத்தில் போய் நின்று அழுதுகொண்டே சொன்னேன். மாமா குடத்தைக் கீழே வைத்தார். "தெரியும் பாப்பா. ரீலு கைப்பிடில குங்குமம் இருந்திச்சே, நூலு அறுந்த அன்னிக்கே புரிஞ்சிபோச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லாத. கம்முனு இரு" என்றார். என்னை அப்பாவின் அடியிலிருந்து காப்பாற்றத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்! மாமாவுக்காக நான் உயிரையும் கொடுத்திருப்பேன்.

அன்று சாயங்காலமும் மெஷின் சுற்றியது. நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா தலை நிமிராமல், இந்த ராடு எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

"வாங்கலீங்க மாமா. கூட தங்கியிருந்தவன்து. ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு பேரும் மீன் புடிக்கப் போவோம்." மாமா ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கப்பலாண்ட கட்டின சாரத்துலேர்ந்து வுழுந்து அங்கியே போய்ட்டான். நான் பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன். அதுக்கப்புறம் அந்தச் சாரத்துல ஏற எனக்குக் காலே வர்ல."

அப்பாவின் கை நின்றது. "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?"

"உங்க வாக்கு போச்சேன்னு நீங்க நின்னுனு இருந்தீங்க. அப்ப எப்பிடிங்க சொல்றது?"

அப்பா மெஷினின் கைப்பிடியை மறுபடி பிடித்தார். "நூல வுடாத, புடி" என்றார். மாமாவின் குரல் உடைந்திருந்தது எனக்குக் கேட்டது. நூல் சரியாகாத துக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். என் கற்பூரத்தால் மாமா அழுகிறார் என்று நினைத்ததும் அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அடி விழுந்தால் விழட்டும் என்று தீர்மானித்தேன்.

காலையில் அப்பா என்னை வண்டியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டபோது, இறங்கிய கையோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்பா வண்டி இன்ஜினை அணைத்தார். "எரிஞ்ச நாத்தம் எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்" என்றார். என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "உன் மாமன்கிட்ட சொல்லிடாத, இன்னா? அவன் தேடினு இருக்கட்டும்."

அதே வார்த்தை! மாமாவுக்குத் தெரிந்தால் மாமா கோபிப்பார் என்று அப்பா பயப்படுகிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் அப்பா அடிப்பார் என்று மாமா பயப்படுகிறார். வீட்டிலேயே ரொம்பச் செல்லமான பிள்ளை நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரிடமும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் மூச்சு விடாமல், தினமும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். தீபாவளி வந்தது, போனது. மாமா ஓசூர் போகவில்லை. நுனிப்பக்கம் எரிந்த நூல் மொத்தம் முப்பது முழம்கூடத் தேறாது. கத்தரிக்கோல் மேசைமேல்தான் இருந்தது. ஒரே வெட்டில் தீர்ந்திருக்கும். அதைக்கூட யோசிக்கத் தெரியாத இந்தப் பெரியவர்கள் ஒரு நாளைக்கு ஒரு ஜாணாக அறுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று, அவர்கள்மேல் எனக்கு ஒரே பரிதாபமாக இருந்தது.