லோட்டஸ் ஈட்டர்

கிரேக்கப் பழங்கதையில் ஒரு தீவு வருகிறது. அங்கே தாமரைக் கனி தின்றவர்கள் வீடு வாசலை மறந்து, வேலைவெட்டி இல்லாமல் கனவில் கிடப்பார்களாம். சோம்பேறிக் கனவுக்காரர்களை ஆங்கிலத்தில் லோட்டஸ் ஈட்டர் என்பது அதனால்தான். ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு அந்தச் சொல் ரொம்பவும் பிடித்துப்போனது. பிடித்ததோடு விட்டிருக்கலாம். என் நானாவை, கூடப்பிறந்த அண்ணனை, அப்படிக் கூப்பிடத் தொடங்கினேன்.

வில்கமுவயில் எங்களுக்கு வயல். வாப்பாவுக்கு முழங்கால் போன பிறகு எல்லா வேலையும் நானா தலையில்தான். இரண்டு வருடமாக மனுஷன் மாறிப்போயிருந்தார். கொத்திக்கொண்டிருக்கும்போதே மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குளக்கட்டு மரத்தடியில் போய்ப் படுத்துவிடுவார். போதாததற்குத் தாமரைக் காய் பறித்து, விதையை உரித்துத் தின்றுகொண்டு கிடப்பார். எனக்கு வேறென்ன வேண்டும்? விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெயர்தான். அர்த்தம் சொன்னபோது சிரித்தார். அதற்குப் பிறகு என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

வாய்க்கால் துப்புரவுக்கு வீட்டுக்கு ஓராள் போக வேண்டும். போகாத வீட்டுக்குத் தண்ணீர் முறை கடைசிக்குப் போய்விடும். துப்புரவு நாளன்று காலை நானா பாயை விட்டு எழவில்லை.

"ஏலாம இருக்கு தங்கச்சி. காலெல்லாம் வீங்கியிருக்கு."

"படுத்தே கெடந்தா வீங்கத்தான் செய்யும். வயல் காயட்டும், லோட்டஸ் ஈட்டர் தூங்கட்டும்," என்றேன்.

போனார். மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னமே வாய்க்கால் சேற்றிலிருந்து தூக்கி, டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறையப் போய்விட்டது என்றார் டாக்டர். எவ்வளவு காலமாகக் களைப்பு என்று கேட்டார். நானா என்னைப் பார்த்தார். இரண்டு வருடம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்து வயல்காரர்களைப் பிடிக்கிற நோய்தான். அதே நோயில் செத்த அடுத்த வீட்டுக்காரரின் ஜனாஸா போனதைக்கூடப் பார்த்தவள் நான். படித்தவள் என்று பெயர். அகராதியைப் புரட்டிய எனக்கு அவர் காலைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இப்போது கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போகிறேன். போன கிழமை திரும்பி வந்ததும் நானா வாசற்படியில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே பாய் விரித்தபடியே கிடந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் படுக்கட்டா தங்கச்சி?"