சுவாஹிலி வகுப்பில் நான் சொல்லாதது

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெலாப்பாங்கில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம்: நான், என்னோடு பட்டறையில் இயந்திரம் பொருத்தும் பிட்டர் வேலை பார்க்கும் மச்சான், எங்களுக்குச் சுவாஹிலி சொல்லிக்கொடுத்த, இங்கே கல்லூரியில் படிக்கும் தான்சானிய மாணவர், தேநீரை வைத்துவிட்டு நகராமல் நின்ற கடைக்கார அண்ணன்.

எங்கள் பட்டறையில் செய்த செம்பனை ஆலை இயந்திரம் ஒன்று தான்சானியாவுக்குப் போகவிருந்தது. அங்கே போய் அதைப் பூட்டிக்கொடுக்க ஒரு பிட்டர் வேண்டும். நான்கு மாதம், இரட்டைச் சம்பளம். அங்குள்ள ஆளோடு போனில் கொஞ்சமாவது பேசத் தெரிந்தவனைத்தான் அனுப்புவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மச்சானுக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டாமல் நின்றிருந்தது. எனக்கு அப்படி ஓர் அவசரமும் இல்லை.

'இறுக்குகிறேன்' என்பதற்கு மாணவர் நினாகாஸா என்று எழுதி, அரைகுறை மலாயில் விளக்கினார். நி என்றால் நான், நா என்றால் இப்போது, காஸா என்றால் இறுக்கு. முடிந்துபோன வேலை என்றால் நா போய் லி வரும். இனிமேல் என்றால் தா. நான் போய் நீ என்றால் முன்னால் உ. தமிழிலும் இதே துண்டுகள்தாம். நாம் வேலையை முதலில் சொல்லி ஆளைக் கடைசியில் மாட்டுகிறோம். அவர்கள் ஆளை முதலில் மாட்டுகிறார்கள். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். இன்னொருவனுக்குப் புரியும் முன்பே எனக்கு ஒன்று புரிந்தது அதுதான் முதல்முறை.

மச்சான் முழு வாக்கியங்களாக உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் எப்படிண்ணே டக்கு டக்குனு சொல்றான்? எனக்கு மண்டை காயுதுலா."

"ரொட்டி சானாய்ல இருக்கற கவனம் உனக்கு இதுல இல்ல தம்பி," என்றார் அண்ணன்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து மச்சான் கேட்டான்: "ஏதாச்சும் வழி இருந்தா சொல்லு மச்சான்."

"வழியெல்லாம் இல்ல. மனப்பாடம்தான்."

அவன் என்னைவிட நல்ல பிட்டர். இருவருக்கும் பேச வந்துவிட்டால் முதலாளி அவனைத்தான் அனுப்புவார் என்று பயந்தேன்.

வகுப்பு முடிந்ததும் முதலாளி எங்கள் இருவரையும் வைத்துத் தான்சானியாவுக்குப் போன் போட்டார். அந்த ஆள் முதலில் மச்சானிடம், "உலிகாஸா?" என்று கேட்டார். இறுக்கினாயா. மச்சான் உருப்போட்டதில் அது இல்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் பதில் சொன்னேன். நான்தான் போனேன். மச்சானின் மகள் அந்தத் தவணை கல்லூரிக்குப் போகவில்லை.

ஆறு வாரம் எனக்கும் சேர்த்து அவன்தான் வகுப்புக் காசு கொடுத்திருந்தான். திரும்பி வந்ததிலிருந்து அந்தக் காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நீட்டினால் மற்றதையும் சொல்லவேண்டி வரும். என் பங்கு, தொண்ணூறு ரிங்கிட்.