அச்சாரம் என்று நினைத்தேன்

வேடசந்தூரில் ஒரு மாட்டுத்தீவன குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பிடித்து, குஜிலியம்பாறையில் மாமனார் வீட்டிலிருந்த மனைவியையும் மகளையும் கூட்டிவர வேண்டும். வீட்டு அட்வான்ஸுக்குச் சேர்த்த பணம் பேங்கில் கிடந்தது.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை இல்லை. தீவனம் கிடைக்காது, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு விலை ஏறும் என்று எனக்குப் பட்டது. குடோனில் கணக்கு எழுதும் அண்ணன் தன் போனில் ஒரு வர்த்தக ஆப்பைக் காட்டினார். சரக்கைத் தொடாமலே, வரப்போகிற மாதத்துக்கு இன்றைக்கே விலை பேசி வாங்கலாம்; ஏறியதும் விற்றுவிடலாம்.

"முழுப் பணம் வேணாம் அப்பு. மார்ஜின் மட்டும் கட்டுனாப் போதும்."

"அச்சாரம் மாதிரியாண்ணே?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

முன்பு புளியமரம் குத்தகை பிடிக்கிறவர்களோடு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறேன். காய்ப்பு சரியில்லை என்றால் கொடுத்த அச்சாரத்தை விட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். யாரும் தேடி வரமாட்டார்கள். அந்தத் தைரியத்தில் ஆதார், பான் கார்டு கொடுத்து, போனுக்கு முகத்தைக் காட்டிக் கணக்குத் திறந்தேன். சேர்த்ததில் பாதியை மார்ஜினாகக் கட்டி ஒரு லாட் வாங்கினேன். பத்து டன், ஒரு லாரிச் சுமை.

வடக்கே பருத்தி விளையும் பக்கம் மழை கொட்டியது. விலை தினமும் இறங்கியது. ஆப்பில் நஷ்டத்தைக் காட்டும் சிவப்பு எண்ணைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. போனது போகட்டும், மீதிப் பாதிக்குச் சின்ன வீடாகப் பார்ப்போம் என்று ஆப்பை அழித்துவிட்டேன்.

மறுநாள் ஆப் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், உங்க மார்ஜின் குறையுது. பணம் போடுங்க, இல்ல வித்து முடிச்சிருங்க."

"அத நான் விட்டுட்டேம்மா. ஆப்பையே அழிச்சிட்டேன்."

"ஆப்பை அழிச்சா சரக்கு போயிடாது சார். இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. கட்டுனதுக்கு மேல நஷ்டம் வந்தாலும் நீங்கதான் குடுக்கணும். கடைசித் தேதி வரை விட்டா சரக்கை எடுக்கணும்."

"பத்து டன்னையுமா? நான் ஒத்த ரூம்ல இருக்கேம்மா."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆப்பை மறுபடி இறக்கினேன். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. ஓடிபி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. "ஏலே, இப்ப விக்காத, நாளைக்கு ஏறும்" என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. சொன்ன விலைக்கு வாங்க ஆளில்லை. குறைத்தேன், இன்னும் குறைத்தேன். பிறகுதான் போயிற்று. மார்ஜினில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் போனில் நடந்ததைச் சொன்னேன்.

"மிச்சம் இருக்குறதுக்கு எங்கன வீடு கெடைக்கும்?" என்று கேட்டாள்.

"தோல் பதனிடுற ஷாப் பக்கந்தான். நாத்தம் அடிக்கும்."

"அடிக்கட்டும், பாருங்க. வேற எதுலயும் மாட்டியிருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். சொன்ன பிறகு, நிஜமாகவே இல்லைதானா என்று ஆப்பைத் திறந்து பார்த்தேன். வெறுமையாகத்தான் இருந்தது. மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தேன்.