வீட்டு வரிக்கு ஒரு கையெழுத்து

ரோல்ஸ் பொரியும் மணம் வந்தால் இப்போதும் அந்த மனிதரின் முகம் வருகிறது. மில்லிக்கன் பிளாசாவில், ரோல்ஸ் பொரிக்கும் தமிழ்க் கடை வாசலில், பனி நனைத்த தொப்பியோடு நின்றார். வீட்டு வரி ஏறாமல் வரம்பு கட்டச் சொல்லி நகரசபைக்கு ஒரு மனு. அதற்குக் கையெழுத்துச் சேர்த்தார். குளிரில் பேனா எழுதாது. ஒவ்வொருவருக்கும் கொடுக்குமுன் அதை வாயருகே பிடித்து ஊதுவார்.

"நான் பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிறன், அண்ணை. உது வீட்டுக்காரரின்ர பிரச்சினையெல்லோ?"

"நானும் பேஸ்மென்ட்தான், தம்பி. என்ர சொந்த வீட்டின்ர பேஸ்மென்ட். வரி கட்ட ஏலாமல் மேல் வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிட்டன்."

தன் வீட்டிலேயே, தலைக்கு மேல் பிறர் நடக்கும் சத்தம் கேட்டுப் படுக்கிற மனிதர். என் நெஞ்சு இளகிவிட்டது. போன கிழமைதான் என் வீட்டுக்காரர் வரிக் கடிதத்தைக் காட்டி வாடகையைக் கூட்டியிருந்தார். பேனாவை வாங்கினேன். கையெழுத்து வைக்குமுன் சும்மா கேட்டேன்.

"வரி ஏறாமல் நிண்டா, மேல இருக்கிறவையின்ர வாடகையையும் கூட்டாமல் விடுவியளோ?"

அவர் பதிலில் துளி வன்மம் இல்லை. அதுதான் இன்னும் கசக்கிறது.

"விசர்க்கதை கதையாதையும், தம்பி. வரி நிண்டா, அவையை வீட்டை விட்டு எழுப்பிப்போட்டு நானெல்லோ மேல குடியிருக்கப் போறன்."