வீட்டுக்கார அன்ரியின் மீட்டர்

அந்த மீட்டரின் கண்ணாடிக்குள் ஒரு தகட்டு வட்டு சுழலும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பின்பக்க அனெக்ஸுக்கும் முன்பக்கத்துப் பெரிய வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரு மீட்டர்தான். பெரிய வீட்டு விறாந்தையில் அதற்கு நேரெதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார் வீட்டுக்கார அன்ரி. மற்றவர்கள் பின்னேரங்களில் டிவி பார்த்தார்கள். அன்ரி மீட்டர் பார்த்தார். கறுப்புக் கோடு வேகமெடுத்தால் எங்கள் கதவு தட்டப்படும். “தங்கச்சி, வட்டு பறக்குது! என்ன போட்டிருக்கிறீர்?” திருட்டுச் சாமானோடு பிடிபட்டவர்போல அம்மா நிற்பார்.

அம்மாவுக்கு இழுப்பு. கறண்ட் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, துவாயால் தலையை மூடி ஆவி பிடித்தால்தான் நெஞ்சு சற்று இளகும். கேத்தல் போட்டால் வட்டு பறக்காமல் என்ன செய்யும்? ஒரு மழைநாள் அன்ரி கதவைக்கூடத் தட்டவில்லை. மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டார். அப்பா போய்க் கெஞ்சினார். “இருக்கத்தான் இடம் தந்தனான், கறண்டைக் குடிக்கவோ தந்தனான்?” என்று கேட்டார் அன்ரி. கொதிக்காத தண்ணீரின்மேல் அம்மா குனிந்தபடியே இருந்தார். அவருடைய நெஞ்சு விசிலடித்தது மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அன்றைக்கு அன்ரியை மனதார வெறுத்தேன். அந்த வெறுப்பு எனக்குள் இன்னும் சுகமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அம்மா அதே நெஞ்சோடு போய்ச் சேர்ந்தார். பழைய வீட்டுக்காரருக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொல்லத்தான் வேண்டுமென்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அப்பாவுக்கு ரோசம் கொஞ்சம் குறைவு. அதனால் கார்டோடு நான் போனேன்.

கதிரை அதே இடத்தில் இருந்தது. மீட்டர் மட்டும் புதிது. வட்டு இல்லை, இலக்கங்களும், கறண்ட் எடுக்கும் வேகத்துக்கு மின்னும் ஒரு சிவப்பு வெளிச்சமும்தான். “இப்ப ஒருத்தரும் மீட்டர் பாக்க வாறேல்லை, பிள்ளை. எல்லாம் தானாப் போகுது. கனடாவில மகன்ரை போனிலயும் கணக்கு விழுது. அவர்தானே பில் கட்டுறார்” என்றார் அன்ரி. அந்த வெக்கையிலும் ஃபேன் நின்றிருந்தது. தனியே இருப்பவருக்கு ஆள் கண்ட சந்தோசம்; எனக்குத் தேத்தண்ணி போட எழுந்தார். கேத்தல் இரையத் தொடங்க, போன் அடித்தது.

கனடாவில் அப்போது விடிகாலை. மகனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “அம்மா, திரும்பவும் கேத்தலோ? ஒருத்தரும் இல்லாத வீட்டில ஆருக்குத் தேத்தண்ணி?”

“ஆள் வந்திருக்குது, தம்பி.”

“போன முறையும் இதைத்தானே சொன்னீங்கள். உங்களுக்கு மறதி வந்திட்டுது. இனித் தனிய விடேலாது. இந்தக் கிழமையே முதியோர் ஹோமுக்குக் கதைக்கிறன்.”

அன்ரியின் முகம் வெளுத்தது. போனை என் வாய்க்கருகே நீட்டினார். “ஒருக்காக் கதை, பிள்ளை. வந்திருக்கிறன் எண்டு மட்டும் சொல்லு.”

நான் வாயைத் திறக்கவில்லை.

“பாத்தீங்களே” என்றான் மகன். “முதல்ல கேத்தலை நிப்பாட்டுங்கோ.”

அன்ரி நிறுத்தினார். தண்ணீர் இன்னும் கொதித்திருக்கவில்லை. விறாந்தையில் படபடவென்று மின்னிக்கொண்டிருந்த சிவப்பு வெளிச்சம் ஆறுதலாக மின்னத் தொடங்கியது. அன்ரி அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கார்டை அவருடைய கதிரையில் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன்.